மூன்றும் ஏழும் இடம் மாறிய சிப்: தானியங்கி டைமிங் விதிகள் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

## பின்னணி

நான் பணியாற்றிய ஒரு சிறிய சிப் வடிவமைப்புக் குழுவில் நடந்ததை இங்கே தொடக்கம் முதல் முடிவு வரை பதிவு செய்கிறேன். நிறுவனம், வாடிக்கையாளர், உடன் பணியாற்றியவர்கள் என எவருடைய பெயரும் இதில் இல்லை. அந்த சிப்பின் டைமிங் சரிபார்ப்பு, அதாவது உள்ளே ஓடும் சிக்னல்கள் உரிய நேரத்தில் போய்ச் சேருகின்றனவா என்று பார்க்கும் வேலை, என் பொறுப்பில் இருந்தது. உற்பத்திக்கு அனுப்பலாம் என்று இறுதி அறிக்கையில் கையெழுத்திட்டவனும் நானே. நடந்த தவறு எந்த ஒருவரின் கவனக்குறைவாலும் மட்டும் விளைந்ததல்ல என்பதை இதைப் படிக்கும்போது உணர முடியும் என்று நம்புகிறேன். அதே வேளையில், என் பங்கு எங்கே இருந்தது என்பதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறேன்.

சிப் பெரியதல்ல. 180 நானோமீட்டர் தொழில்நுட்பம், 1.8 வோல்ட் உள்மின்னழுத்தம், எட்டு சென்சார் சானல்கள். ஒவ்வொரு சானலையும் முறை வைத்து அளந்து, அளவுடன் அந்தச் சானலின் எண்ணையும் அளந்த நேரத்தின் முத்திரையையும் சேர்த்து வெளியே அனுப்புவது அதன் வேலை. ஏதேனும் ஒரு சானலின் அளவு குறிப்பிட்ட வரம்பைத் தாண்டினால், முறையை மாற்றி அதை முதலில் அளக்கும் வசதியும் இருந்தது. வாடிக்கையாளர் இந்த சிப்பைத் தேர்ந்தெடுத்ததற்கு அந்த வசதியே முக்கியக் காரணம். உள்ளே 24 மெகாஹெர்ட்ஸில் ஓடும் முதன்மை க்ளாக் (சுற்றுக்குத் தாளம் போடும் துடிப்பு) ஒன்று. அதை நான்கால் வகுத்துப் பெற்ற, நேர முத்திரைப் பகுதியை இயக்கும் 6 மெகாஹெர்ட்ஸ் க்ளாக் மற்றொன்று. இந்த இரண்டையும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும். மற்ற எல்லாம் இவற்றைச் சுற்றியே நடந்தது.

1971-இல் வெளிவந்த இன்டெல் 4004 சிப்பில் ஏறத்தாழ 2,300 டிரான்சிஸ்டர்கள் இருந்தன. சுற்றைச் சிலிக்கானில் பதிக்க உதவும் அதன் மாஸ்க்குக்கான வடிவங்களை ரூபிலித் என்னும் சிவப்புப் படலத்தில் கையால் வெட்டினார்கள். அப்படி வேலை செய்தவருக்கு ஒவ்வொரு கம்பியும் எங்கிருந்து எங்கே போகிறது என்பது கைக்குத் தெரிந்திருக்கும். இன்று எங்களுடையதைப் போன்ற எளிய சிப்பில்கூட லட்சக்கணக்கான டிரான்சிஸ்டர்கள் உள்ளன. லாஜிக்கை கேட்டுகள் என்னும் அடிப்படைச் சுற்றுகளாக மாற்றுவது, அவற்றை இடத்தில் வைப்பது, க்ளாக்கைக் கிளை கிளையாகப் பிரித்து க்ளாக் துடிக்கும்போது ஒரு பிட்டைப் பிடித்து வைக்கும் எல்லா ஃப்ளிப்-ஃப்ளாப்புகளுக்கும் கொண்டு சேர்ப்பது, கம்பி இழுப்பது, நேரத்தைக் கணக்கிட்டுச் சரிபார்ப்பது எனும் எல்லாப் படிகளையும் கருவிகளே செய்கின்றன. எது க்ளாக், எந்த க்ளாக் எந்த க்ளாக்குடன் தொடர்புடையது, எந்தப் பாதையைப் பார்க்க வேண்டும், எதைப் பார்க்க வேண்டாம் என்று அந்தக் கருவிகளுக்குச் சொல்வது ஒரே ஒரு டைமிங் விதிக் கோப்பு. அந்தக் கோப்பில் எழுதியது கருவிக்கு வேதவாக்கு. எழுதியது தவறென்றால், தவறான கேள்விக்குச் சரியான விடையைக் கருவி தரும்.

## ஸ்கிரிப்ட் உருவான விதம்

எங்கள் குழுவின் முதல் சிப்பில் விதிக் கோப்பைக் கையால் எழுதினோம். அறுநூறு வரிகளுக்கு மேல். இருவர் சேர்ந்து எழுதி, ஒருவர் எழுதியதை மற்றவர் படித்துத் திருத்த இரண்டு வாரம் பிடித்தது. அடுத்த சிப்பில் க்ளாக்குகளின் பட்டியலை ஓர் எக்செல் தாளில் வைத்து, அதிலிருந்து விதிக் கோப்பை உருவாக்கும் ஸ்கிரிப்ட் ஒன்றை இளம் பொறியாளர் ஒருவர் எழுதினார். நல்ல ஸ்கிரிப்ட் அது. எழுத்துப்பிழைகள் நின்றன, மாற்றங்கள் சில நிமிடங்களில் முடிந்தன. அதை இன்றும் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

அந்த ஸ்கிரிப்டில் ஒரு விதி இருந்தது. உற்பத்திச் சோதனையின்போது மட்டும் ஓடும் க்ளாக்குகள், இயல்பான செயல்பாட்டில் ஓடும் க்ளாக்குகளுடன் ஒருபோதும் சேர்ந்து இயங்குவதில்லை. ஆகவே அவற்றுக்கு இடைப்பட்ட பாதைகளைக் கருவி சரிபார்க்கத் தேவையில்லை. டெஸ்ட் ஷிஃப்ட் என்பதன் முதலெழுத்துகளைக் கொண்டு, சோதனை க்ளாக்குகளின் பெயர்கள் அனைத்தும் ‘டிஎஸ்’ என்று தொடங்கும் என்பது அப்போதைய பெயரிடும் வழக்கம். எனவே ‘டிஎஸ்’ என்று தொடங்கும் எல்லா க்ளாக்குகளும் மற்ற க்ளாக்குகளுடன் தொடர்பற்றவை என்று ஸ்கிரிப்ட் தானாகவே அறிவித்துவிடும். எக்செல் தாளில் தனியாக எதையும் நிரப்ப வேண்டியதில்லை.

மூன்றாவது சிப்பில், அதாவது இந்த ஆய்வுக்கு உரிய சிப்பில்தான், நேர முத்திரை வசதி முதன்முதலாகச் சேர்ந்தது. லாஜிக்கை எழுதிய பொறியாளர், டைம் ஸ்டாம்ப் என்பதன் முதலெழுத்துகளைக் கொண்டு அதன் க்ளாக்குக்கு ‘டிஎஸ்’ என்று தொடங்கும் பெயரை வைத்தார். அவரிடம் இருந்த பெயரிடும் ஆவணத்தில் அந்த முன்னொட்டு ஏற்கெனவே ஒதுக்கப்பட்டது என்ற குறிப்பு இல்லை. அந்த வழக்கம் ஸ்கிரிப்டுக்குள் மட்டுமே வாழ்ந்தது. முதன்மை க்ளாக்கிலிருந்து பிறந்து, அதனோடு அடியொற்றி ஓடவேண்டிய நேர முத்திரை க்ளாக், விதிக் கோப்பில் முதன்மை க்ளாக்குக்கு அந்நியமாகிவிட்டது. எந்த எச்சரிக்கையும் எழவில்லை. ஸ்கிரிப்டின் கண்ணுக்கு எல்லாம் ஒழுங்காகவே இருந்தது.

## உற்பத்திக்கு அனுப்பும் முன் தெரிந்தவை

டைமிங் சரிபார்ப்பின் இயல்பைப் பற்றி இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 1950களின் இறுதியில் அமெரிக்கக் கடற்படையின் போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக உருவான பெர்ட் என்னும் திட்டமிடல் முறையை, லாஜிக் சுற்றுகளின் தாமதத்தைக் கணக்கிடப் பயன்படுத்தலாம் என்று 1966-இல் ஐபிஎம் நிறுவனத்தைச் சேர்ந்த இருவர் எழுதினார்கள். இன்றைய கருவிகளின் அடித்தளமும் அந்தச் சிந்தனைதான்: சுற்று என்ன செய்கிறது என்பதைப் பாராமல், ஒவ்வொரு பாதையின் நீளத்தையும் கூட்டிப் பார்த்து, மிக நீண்டதும் மிகக் குறுகியதும் வரம்புக்குள் உள்ளனவா என்று கேட்பது. எந்த உள்ளீட்டைக் கொடுத்துச் சோதிப்பது என்ற கவலை இல்லாமல் எல்லாப் பாதைகளையும் ஒருசேரப் பார்க்க முடிவது இதன் பெரும் பலம். பார்க்க வேண்டாம் என்று சொன்ன பாதையை அது திரும்பியும் பாராது என்பது அதே பலத்தின் மறுபக்கம்.

எங்கள் இறுதி அறிக்கையின் முதல் பக்கத்தில் எல்லா நிலைகளிலும் மீறல்கள் பூஜ்யம் என்று இருந்தது. சரிபார்க்கப்படாத முனைகளின் (பாதைகள் முடியும் இடங்களின்) எண்ணிக்கை அதே அறிக்கையின் பின்பகுதியில், வேறு பல அட்டவணைகளுக்கு நடுவே இருந்தது. முந்தைய சிப்பைவிட அது சில நூறு கூடியிருந்தது. நான் அந்த எண்ணைப் பார்த்தேன். சோதனைச் சுற்றுகளையும் கூட்டியிருந்ததால், அதற்கேற்ப இதுவும் கூடியிருக்கும் என்று எடுத்துக்கொண்டேன். எந்தெந்த க்ளாக் இணைக்கு இடையே எத்தனை என்று பிரித்துக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கருவி ஒரு நிமிடத்தில் சொல்லியிருக்கும்.

க்ளாக் கிளைகளை அமைத்த படியின் பதிவிலும் ஒரு தடயம் இருந்தது. இரு க்ளாக்குகளும் தொடர்பற்றவை என்று விதி சொன்னதால், இரண்டும் ஃப்ளாப்புகளை ஒரே நேரத்தில் சென்றடைய வேண்டும் என்ற கட்டாயம் கருவிக்கு இல்லாமல் போயிற்று. நேர முத்திரை க்ளாக்கின் வழியில், சோதனையின்போது வேறு க்ளாக்கைத் தேர்ந்தெடுக்கும் மக்ஸ் ஒன்று இருந்தது. சோதனைக்கான பின்கள் சிப்பின் ஒரு மூலையில் இருந்ததால், கருவி அந்த மக்ஸையும் அதே மூலைக்குக் கொண்டுபோய் வைத்தது. க்ளாக் சிப்பின் குறுக்கே அங்கே போய்த் திரும்பி வந்தது. வீட்டு வாசலில் இருப்பவரைப் பார்க்க ஊரைச் சுற்றி வருவதைப் போன்ற இந்தப் பாதையை வரைபடத்தில் யார் பார்த்தாலும் வியந்திருப்பார்கள். ஆனால் கேட், ஃப்ளாப் என ஏறத்தாழ இருபதாயிரம் செல்களுக்கு நடுவே அந்த ஒன்றைத் தேடிப் பார்க்கக் காரணம் எவருக்கும் இருக்கவில்லை.

கேட் அளவிலான சிமுலேஷனும், அதாவது கேட்டுகளின் தாமதத்தோடு சிப்பைக் கணினியில் இயக்கிப் பார்ப்பதையும், செய்தோம். ஒரு முறை ஓட ஏறத்தாழ ஒரு நாள் ஆகும். காலம் நெருங்கியதால் மெதுவான நிலைக்கு மட்டும், அதாவது குறைந்த மின்னழுத்தம், அதிக வெப்பம், மெதுவான டிரான்சிஸ்டர்கள் என்ற நிலைக்கு மட்டும் ஓட்டினோம். வேகமான நிலைக்கு ஓட்டும் திட்டத்தை நானே பட்டியலிலிருந்து நீக்கினேன். டைமிங் அறிக்கை தூய்மையாக இருக்கும்போது அது மிகைச் சோதனை என்பது என் வாதம்.

## சிப் வந்த பின் கண்டவை

பொதியிடப்பட்ட நாற்பது மாதிரிகள் வந்து சேர்ந்தன. முதல் இரண்டு நாட்கள் மகிழ்ச்சியாகவே கழிந்தன. மின்சாரம் சீராக இருந்தது, அளவீடுகள் துல்லியமாக இருந்தன. மூன்றாம் நாள் ஃபர்ம்வேர் எழுதும் தோழி அழைத்தார். “சார், மூணாம் சானலும் ஏழாம் சானலும் மாறி மாறி வருது. என் கோடுலதான் தப்புன்னு ராத்திரி முழுக்கத் தேடினேன். ஆனா பக்கத்து போர்டுல அதே கோடு சரியா ஓடுது.”

அவர் சொன்னது அப்படியே இருந்தது. மூன்றாம் சானலின் உள்ளீட்டில் தெரிந்த ஒரு மின்னழுத்தத்தைக் கொடுத்தால், அந்த அளவு ஏழு என்ற எண்ணுடன் வெளிவந்தது. ஏழாம் சானலின் அளவு மூன்று என்ற எண்ணுடன் வந்தது. மற்ற ஆறு சானல்களும் ஒரு பிசகும் இல்லாமல் இருந்தன. நாற்பது மாதிரிகளில் ஒன்பதில் மட்டுமே 1.8 வோல்ட்டில் இது தெரிந்தது, மின்னழுத்தத்தை 1.98 வோல்ட்டுக்கு உயர்த்தியபோது முப்பத்தொன்றில் தெரிந்தது. 1.7 வோல்ட்டில் ஒன்றில்கூட இல்லை.

மின்னழுத்தம் கூடினால் கேட்டுகள் வேகமாகும். வேகமானால் பிழை குறைய வேண்டும் என்பது பொதுவான எதிர்பார்ப்பு. இங்கே தலைகீழாக இருந்தது. அனலாக் பகுதியின் இரைச்சல், பொதியின் உள்ளே ஒரு கம்பியின் தொடுகை, சோதனைப் பலகையில் தவறு என்று முதல் ஒன்றரை நாள் வெவ்வேறு திசைகளில் போனோம். அந்த நேரம் வீண் என்று சொல்லமாட்டேன். அவற்றை விலக்கிய பிறகே எண்களின் பக்கம் அமைதியாகப் பார்க்க முடிந்தது.

## காரணம் வெளிப்பட்ட விதம்

மூன்று என்பது இரும எண்ணில் 011. அதற்கு அடுத்த நான்கு 100. மூன்றாம் சானலை அளந்த தருணத்தில் கீழ் இரண்டு பிட்டுகள் பழைய மதிப்பிலும், மேல் பிட் மட்டும் அடுத்த மதிப்பிலும் பதிவானால் 111 கிடைக்கும், அது ஏழு. ஏழுக்கு அடுத்து சுழற்சி பூஜ்யத்துக்குத் திரும்புகிறது: 111-இன் மேல் பிட் மட்டும் முந்திக்கொண்டு பூஜ்யமானால் 011, அது மூன்று. மற்ற மாற்றங்கள் எதிலும் மேல் பிட் மாறுவதில்லை. ஆகவே அவற்றில் பிழை தெரிய வழியில்லை. சோதனை அறையின் வெள்ளைப் பலகையில் இந்த எட்டு வரிகளையும் எழுதி முடித்த கணத்தில் அங்கிருந்த எல்லோரும் பேச்சை நிறுத்தினோம். பிழை எட்டு சானல்களில் இல்லை. ஒரே ஒரு பிட்டில் இருந்தது. அந்த பிட் தாமதமாக வரவில்லை, சீக்கிரமாக வந்தது.

சீக்கிரம் வருவது என்றால் ஹோல்டு மீறல். க்ளாக்கின் விளிம்பு வந்து சேர்ந்த பிறகும் சிறிது நேரம் பழைய தரவு மாறாமல் நிற்க வேண்டும். அதற்குள் புதிய தரவு ஓடி வந்துவிட்டால், ஃப்ளாப் அடுத்த சுற்றின் மதிப்பை இந்தச் சுற்றிலேயே பிடித்துவிடும். தரவு தாமதமாகும் செட்டப் மீறலை க்ளாக்கை மெதுவாக்கித் தீர்க்கலாம். ஹோல்டு மீறலை அப்படித் தீர்க்க முடியாது. ஒரே விளிம்பில் கிளம்பும் தரவுக்கும் க்ளாக்குக்கும் இடையிலான ஓட்டம் அது, சுற்றுக்காலம் எவ்வளவு என்பது அதற்கு ஒரு பொருட்டல்ல.

இதை உறுதிசெய்ய ஷ்மூ வரைபடம் எடுத்தோம். க்ளாக் வேகத்தைக் கிடையாகவும் மின்னழுத்தத்தை நெடுக்காகவும் வைத்து, ஒவ்வொரு புள்ளியிலும் சிப் தேறுகிறதா தவறுகிறதா என்று குறிப்பது அது. செட்டப் சிக்கலாக இருந்தால் எல்லைக்கோடு சாய்ந்து செல்லும். எங்களுக்குக் கிடைத்ததோ மட்டக்கோல் வைத்து இழுத்தாற்போன்ற கிடைக்கோடு. 4 மெகாஹெர்ட்ஸிலும் 30 மெகாஹெர்ட்ஸிலும் அதே மின்னழுத்தத்தில் தவறியது.

பிறகு சிப்பின் வரைபடமான லேஅவுட்டைத் திறந்தோம். மேல் பிட்டை அனுப்பும் ஃப்ளாப்பும் அதைப் பிடிக்கும் ஃப்ளாப்பும் அருகருகே இருந்தன. நடுவில் மிகச் சில கேட்டுகள். கீழ் இரு பிட்டுகளும் வழியில் இன்னொரு தேர்வுச் சுற்றைக் கடந்து சென்றதால் அவற்றுக்குப் போதுமான தாமதம் தற்செயலாகவே கிடைத்திருந்தது. பிடிக்கும் ஃப்ளாப்பை இயக்கும் நேர முத்திரை க்ளாக்கோ மூலைக்குப் போய்த் திரும்பியதால் தாமதமாக வந்தது. தவறான விதியை நீக்கிக் கணக்கிட்டபோது மெதுவான நிலையில் தரவுக்கு 1.9 நானோவினாடி, க்ளாக்கின் பின்னடைவுக்கு 1.7 நானோவினாடி, தரவு பிந்தி வந்ததால் பிழையில்லை. வேகமான நிலையில் தரவுக்கு 0.76, க்ளாக்கின் பின்னடைவுக்கு 0.86, தரவு முந்திக்கொண்டது. தரவுப் பாதை ஏறக்குறைய முழுவதும் கேட்டுகளால் ஆனது என்பதால் மின்னழுத்தம் கூடும்போது அது நன்றாகச் சுருங்கியது. க்ளாக்கின் பாதையிலோ நீண்ட கம்பியின் பங்கு பெரிது. கம்பியின் தாமதம் மின்னழுத்தத்தைக் கண்டு சுருங்குவதில்லை. நாங்கள் ஓட்டிய மெதுவான நிலை சிமுலேஷனில் இது ஏன் தெரியவில்லை என்பதற்கும், நான் நீக்கிய வேகமான நிலையில் ஏன் கட்டாயம் தெரிந்திருக்கும் என்பதற்கும் இந்த நான்கு எண்களே விடை.

## இரண்டு அறிக்கைகள், இரண்டு அனுமானங்கள்

விதிக் கோப்பில் தவறு எங்கே என்று கண்டுபிடிக்க அதன்பின் அரை மணி நேரம் போதுமானதாக இருந்தது. எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது வேறொன்று. இரு க்ளாக்குகள் தொடர்பற்றவை என்றால், அவற்றுக்கு இடையே தரவு கடக்கும் இடத்தில், எந்த நேரத்தில் வந்தாலும் அதைப் பிசகாமல் வாங்கிக்கொள்ளும் சிங்க்ரனைசர் என்னும் சுற்று இருக்க வேண்டும். இல்லையென்றால் அதைக் கண்டுபிடித்துச் சொல்லவே க்ளாக் எல்லைக் கடப்பைப் பரிசோதிக்கும் தனிக் கருவி ஒன்று எங்களிடம் இருந்தது. அது ஏன் கத்தவில்லை?

அந்தக் கருவியை இயக்கியவர்கள் லாஜிக் குழுவினர். அவர்கள் தங்கள் விதிக் கோப்பைத் தனியாக, கையால் எழுதியிருந்தார்கள். அதில் நேர முத்திரை க்ளாக், முதன்மை க்ளாக்கை வகுத்துப் பெற்றது என்றும், இரண்டும் ஒத்திசைந்து ஓடுபவை என்றும் மிகச் சரியாகவே குறிப்பிட்டிருந்தார்கள். ஒத்திசைந்த க்ளாக்குகளுக்கு இடையே சிங்க்ரனைசர் தேவையில்லை. அந்தப் பாதையை டைமிங் சரிபார்ப்பு பார்த்துக்கொள்ளும். ஆகவே அவர்கள் அறிக்கை தூய்மை. என் கோப்பிலோ இரண்டும் தொடர்பற்றவை. அந்தப் பாதையை எல்லைக் கடப்புப் பரிசோதனை பார்த்துக்கொள்ளும். ஆகவே என் அறிக்கையும் தூய்மை.

ஒரு பாதை பாதுகாப்பாக இருக்க இரண்டு வழிகளே உண்டு: அதன் நேரத்தைக் கணக்கிட்டு உறுதிசெய்திருக்க வேண்டும், அல்லது நேரம் எப்படியிருந்தாலும் தாங்கும்படி சிங்க்ரனைசர் வைத்திருக்க வேண்டும். எங்கள் பாதைக்கு இரண்டும் இல்லை. ஒவ்வொரு குழுவும் அது மற்றவரின் பொறுப்பு என்று தன் கோப்பில் எழுதிக் கொடுத்திருந்தது. இரண்டு அறிக்கைகளும் ஒரே கூட்டத்தில், ஒரே மேசையில், அடுத்தடுத்து வைக்கப்பட்டன. இரண்டின் முதல் பக்கங்களையும் நாங்கள் பார்த்தோம். அவை எந்த அனுமானத்தின் மேல் நிற்கின்றன என்பதை ஒப்பிடவில்லை. பல கருவிகள் தனித்தனியாகச் சரி என்று சொல்வதைக் கூட்டிப் பார்த்து முழுமையும் சரி என்று முடிவுசெய்யும் பழக்கம், தானியங்கி வேலைமுறையில் எளிதாக வந்துவிடுகிறது. பெயர் முன்னொட்டை நான் தற்செயல் என்பேன். இந்தப் பழக்கத்தை அப்படிச் சொல்ல முடியாது.

## எடுத்த முடிவுகளும் அவற்றின் காரணங்களும்

முதலில் வந்த யோசனை மென்பொருள் திருத்தம்: மூன்றையும் ஏழையும் ஃபர்ம்வேரில் மாற்றிப் போடலாம். ஆனால் பிழை எல்லா சிப்புகளிலும் இல்லை; ஒரே சிப்பிலும் மின்னழுத்தத்தைப் பொறுத்து வந்து போனது. சரியாக வந்ததையும் அந்தத் திருத்தம் கெடுத்துவிடும். சானல்களின் வரிசை தெரிந்ததுதானே, எண்ணைப் பார்க்காமல் வரிசையை மட்டும் எண்ணிக்கொள்ளலாமே என்று ஒருவர் கேட்டார். வரம்பு தாண்டிய சானலை முறை மாற்றி அளக்கும் வசதி இயங்கினால் வரிசை கலைந்துவிடும். வாடிக்கையாளருக்கு வேண்டியதே அந்த வசதி. மூன்றாம், ஏழாம் சானல்களைப் பயன்படுத்தாமல் விட்டுவிடலாம் என்பது அடுத்த யோசனை. கேட்க நன்றாக இருந்தது. வெள்ளைப் பலகையில் மீண்டும் எழுதிப் பார்த்தோம்: இப்போது இரண்டுக்கு அடுத்து நான்கு, அதாவது 010-க்கு அடுத்து 100. மேல் பிட் முந்தினால் 110, அது ஆறு. பிழை இரண்டுக்கும் ஆறுக்கும் இடம் பெயர்ந்ததே தவிர மறையவில்லை.

மேல் பிட் மாறவே மாறாதபடி பூஜ்யம் முதல் மூன்று வரையிலான நான்கு சானல்களை மட்டும் பயன்படுத்தினால் எந்தச் சிக்கலும் இல்லை. ஆகவே வாடிக்கையாளரிடம் நடந்ததை முழுவதும் சொல்லி, நான்கு சானல்களுக்கு மட்டும் அல்லது 1.7 வோல்ட்டில் எட்டுக்கும் என்ற நிபந்தனையுடன் மதிப்பீட்டு மாதிரிகளைக் கொடுத்தோம். அவர்களின் பலகை வேலை நிற்கவில்லை. விற்பனைக்கு இது போதாது என்பது இரு தரப்புக்கும் தெரியும்.

அடுத்தது திருத்திய சிப். இங்கே எங்கள் குழுவின் மூத்த பொறியாளர் ஒருவரின் முன்யோசனை கைகொடுத்தது. முதல் உற்பத்தியின்போதே, பாதி வேஃபர்களை (சிப்புகள் உருவாகும் சிலிக்கான் வட்டுகளை) முதல் உலோக அடுக்குக்கு முன் நிறுத்தி வைக்குமாறு தொழிற்சாலையிடம் அவர் கேட்டிருந்தார். டிரான்சிஸ்டர்கள் உருவாகி, கம்பிகள் இன்னும் இழுக்கப்படாத நிலையில் அவை காத்திருந்தன. பின்னால் தேவைப்பட்டால் இணைத்துக்கொள்ள, சிப்பெங்கும் உதிரி செல்களும் தூவப்பட்டிருந்தன. ஆகவே டிரான்சிஸ்டர்களைத் தொடாமல் உலோக மாஸ்க்குகளை மட்டும் மாற்றித் திருத்த முடியுமா என்பதே கேள்வி.

திருத்திய விதிக் கோப்புடன் டைமிங்கை மறுபடி ஓட்டியபோது, ஹோல்டு மீறல் ஒரு பாதையில் அல்ல, பதினொன்றில் இருந்தது. வெளியே தெரிந்தது ஒன்றுதான். மற்ற பத்தும் எங்கள் சோதனைகள் தொடாத இடங்களில் இருந்தன. வெளியே தெரிந்த ஒன்றை மட்டும் ஒட்டுப்போட்டு அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பின்னர் பலமுறை எண்ணியதுண்டு.

திருத்த இரு வழிகள் இருந்தன. மூலையில் இருந்த மக்ஸுக்குப் பதிலாக அருகிலுள்ள உதிரி மக்ஸைப் பயன்படுத்தினால் க்ளாக் சீக்கிரம் வந்து சேரும். ஒரே மாற்றத்தில் பதினொன்றும் தீரும். இளையவர்கள் இதையே விரும்பினார்கள், நானும்தான். மூத்தவர் ஒப்பவில்லை. க்ளாக்கை மாற்றினால் அதைச் சார்ந்த அத்தனை ஃப்ளாப்புகளும் மாறும், இதுவரை சரியாக இயங்குவதாகச் சிலிக்கானிலேயே நிரூபணமான பாதைகளும் புதியவையாகிவிடும் என்றார். பதினொரு தரவுப் பாதைகளிலும் தாமதத்தைக் கூட்டினால், மாறுவது அந்தப் பதினொன்று மட்டுமே. அவர் சொன்ன வழியையே எடுத்தோம். ஒவ்வொரு பாதையிலும், பிட்டைத் தலைகீழாக்கும் கேட்டுகளான இன்வெர்ட்டர்களில் நான்கு உதிரிகளைத் தொடராகச் சேர்த்தோம். இரண்டு இடங்களில் அருகே போதிய இன்வெர்ட்டர்கள் இல்லை. அங்கே உதிரி நாண்ட் கேட்டுகளின் இரு உள்ளீடுகளையும் ஒன்றாக இணைத்து இன்வெர்ட்டராகப் பயன்படுத்தினோம். மாறியவை மூன்று உலோக அடுக்குகளும் அவற்றை இணைக்கும் வயாக்களும்.

இந்த முறை வேகமான நிலை கேட் சிமுலேஷனை முதலில் பழைய நெட்லிஸ்டின் (கேட் இணைப்புகளின் பட்டியல்) மேல் ஓட்டினோம். மூன்றும் ஏழும் திரையில் இடம் மாறின. அதைக் கண்ட பிறகே திருத்திய நெட்லிஸ்டை ஓட்டினோம். சோதனைக்குப் பிழையைக் காட்டும் திறன் உண்டென்று முதலில் தெரிந்துகொள்ளாமல், அது பிழை காட்டவில்லை என்பதை நம்பும் மனநிலையில் நாங்கள் அப்போது இல்லை.

## தொடர்ந்து நடந்தவை

நிறுத்தி வைத்த வேஃபர்கள் புதிய மாஸ்க்குகளுடன் முடிக்கப்பட்டு வந்தன. முழு உற்பத்தியை மறுபடி தொடங்கியிருந்தால் ஆகியிருக்கும் காலத்தில் பாதிக்கும் குறைவாகவே ஆயிற்று. மாதிரிகள் அனைத்தையும் 1.62 முதல் 1.98 வோல்ட் வரை, குளிர்ந்த நிலையிலும் சூடான நிலையிலும், எல்லா சானல் வரிசைகளிலும் ஓட்டினோம். ஷ்மூ வரைபடத்தில் அந்தக் கிடைக்கோடு இல்லை. வாடிக்கையாளர் தன் அட்டவணையில் ஏறத்தாழ ஒரு காலாண்டை இழந்தார். அதை எங்களால் ஈடுசெய்ய முடியவில்லை.

ஸ்கிரிப்டை எழுதிய இளம் பொறியாளர் இதைத் தன் தவறாகவே எடுத்துக்கொண்டு சில நாள் யாரிடமும் பேசாமல் இருந்தார். அவர் எழுதியபோது அந்த விதி சரியாகவே இருந்தது என்பதையும், அதை மதிப்பாய்வு செய்து ஒப்புதல் அளித்தவன் நான் என்பதையும் குழுக் கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் சொன்னேன். திருத்தத்தின் டைமிங் வேலையையும் அவரிடமே கொடுத்தோம். அந்தக் கோப்பை அவரைவிட நன்றாக அறிந்தவர் வேறு எவரும் இல்லை.

## மாற்றியவை

பெயர் முன்னொட்டை வைத்து எதையும் ஊகிக்கும் விதிகள் ஸ்கிரிப்டிலிருந்து நீக்கப்பட்டன. ஒரு க்ளாக் இணை தொடர்பற்றது என்றால், எக்செல் தாளில் அந்த இணையை முழுப் பெயருடன் எழுதி, காரணத்தையும் காரணத்தைச் சொன்னவரையும் குறிப்பிட வேண்டும். அப்படி எழுதாத இணைகள் அனைத்தும் தொடர்புள்ளவை என்றே கொள்ளப்படும். தவறு நேர்ந்தால் அது பொய்யான மீறலாக வெளியே வந்து நம்மைத் தொந்தரவு செய்யட்டும், ஒளிந்துகொள்ள வேண்டாம் என்பதே எண்ணம். வேலை கூடியது உண்மை. முதல் ஓட்டத்தில் வரும் பொய் மீறல்களைக் களைய இப்போது இரண்டு நாள் கூடுதலாகச் செலவாகிறது.

டைமிங் அறிக்கையின் முதல் பக்கத்தில் மீறல்களின் எண்ணிக்கைக்கு அருகிலேயே, சரிபார்க்கப்படாத முனைகளின் எண்ணிக்கை க்ளாக் இணைவாரியாக இடம்பெறுகிறது. முந்தைய சிப்பின் எண்ணும் பக்கத்தில் நிற்கிறது. வேகமான நிலை கேட் சிமுலேஷனைப் பட்டியலிலிருந்து நீக்க இப்போது இருவர் ஒப்புதல் வேண்டும். எல்லா சோதனைகளையும் அந்த நிலையில் ஓட்ட இன்னும் எங்களுக்கு நேரமில்லை. எண்களும் முகவரிகளும் க்ளாக் எல்லையைக் கடக்கும் சோதனைகளை மட்டும் தேர்ந்தெடுத்து ஓட்டுகிறோம். இது முழுமையான தீர்வல்ல என்பது தெரிந்தே செய்வது.

எல்லைக் கடப்புக் கருவிக்கான கோப்பையும் டைமிங் கோப்பையும் ஒரே மூலத்திலிருந்து உருவாக்கலாம் என்ற யோசனையை நீண்ட நேரம் விவாதித்தோம். அதை ஏற்கவில்லை. ஒரே மூலம் என்றால் அதில் உள்ள தவறு இரண்டிலும் ஒரேபோல் நுழைந்துவிடும். இருவர் தனித்தனியாக எழுதட்டும். எழுதி முடித்த பிறகு இரு பட்டியல்களையும் ஒரு சிறு நிரல் வரிக்கு வரி ஒப்பிட்டு வேறுபாடுகளைக் காட்டட்டும் என்று முடிவுசெய்தோம். அடுத்த சிப்பில் அந்த நிரலை முதன்முதலாக ஓட்டியபோது ஐந்து வேறுபாடுகள் வந்தன. நான்கு, பெயர்களை எழுதியதில் நேர்ந்த வேறுபாடுகள். ஐந்தாவது, வகுக்கப்பட்ட ஒரு க்ளாக்கை ஒரு குழு ஒத்திசைந்தது என்றும் மற்றக் குழு தொடர்பற்றது என்றும் எழுதியிருந்தது. இரு குழுவினரும் ஒரு மேசையில் அமர்ந்து சுற்றைப் பார்த்தார்கள். தவறு இம்முறை லாஜிக் குழுவின் கோப்பில் இருந்தது. அங்கே சிங்க்ரனைசர் ஒன்று சேர்க்கப்பட்டது. உற்பத்திக்கு அனுப்ப அப்போது ஏழு வாரங்கள் மீதமிருந்தன.